2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: திம்பம் மலைப்பாதைப் பணிகளும் வன அனுமதியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தாளவாடி, ஆசனூர், பண்ணாரி, சத்தியமங்கலம் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பண்ணாரிக்கும் திம்பத்துக்கும் இடையிலுள்ள 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் பள்ளத்துப் பக்கம் நெடுக இரும்புத் தடுப்பு அமைக்க வேண்டும், லாரிகள் திரும்ப முடியாத வளைவுகளை அகலப்படுத்த வேண்டும் என்று சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினோம். அந்தத் தீர்மானம் இன்றுவரை நிறைவேறவில்லை. ஏன் நிறைவேறவில்லை, அதற்காகச் சங்கம் என்ன செய்தது, எந்த இடத்தில் நம் கோரிக்கையையே நாம் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று என்பவற்றை மறைக்காமல் உங்கள் முன் வைக்கிறேன்.

பழைய எண் 209ஆகவும் இப்போது 948ஆகவும் உள்ள இந்தத் தேசிய நெடுஞ்சாலை, வெளியூர்க்காரர்களுக்குக் கோவையிலிருந்து மைசூருக்கும் பெங்களூருக்கும் போகும் வழி. தாளவாடி மலைப்பகுதியில் வாழும் நமக்கோ வட்டத்துக்கு வெளியேயுள்ள அரசு அலுவலகம், பெரிய மருத்துவமனை, கல்லூரி, காய்கறிச் சந்தை எல்லாவற்றுக்கும் போகும் வழி இதுதான். முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் இறங்குவது இந்த வளைவுகளில்தான். பாரம் ஏற்றிய ஒரு லாரி வளைவில் திரும்ப முடியாமல் அச்சு முறிந்து நின்றுவிட்டால், மேலும் கீழும் அசைவதற்கு இடமில்லை. கிரேன் வரும்வரை மலை முழுவதும் நின்றுபோகிறது. இவ்வாண்டு மழைக்காலத்தில் அப்படி நின்றுபோன ஒரு மாலையில், பிரசவ வலியோடு மலையிறங்கிய ஒரு தங்கையின் ஆம்புலன்ஸ் வரிசையின் நடுவே சிக்கிக்கொண்டது. நம் உறுப்பினர்கள் வண்டி வண்டியாகப் போய்ப் பேசி, ஒவ்வொன்றையும் சுவரோரம் ஒதுக்கச் செய்து வழி எடுத்துக்கொடுத்தார்கள். தாயும் சேயும் நலம். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை அந்தக் குடும்பம் மறக்கப்போவதில்லை, நானும் மறக்கவில்லை.

ஆகவே அந்தத் தீர்மானத்தின்படி நாம் அரசுக்குக் கொடுத்த மனு நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. மனு ஏன் நகரவில்லை என்பதற்கான காரணம் சட்டத்தில் இருக்கிறது. சத்தியமங்கலம் வனப்பகுதி 2008இல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 2013இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. தார் போட்ட அகலத்துக்குள் செய்யும் பராமரிப்பு ஒரு வகை. மலையைக் குடைந்தோ, பள்ளத்துப் பக்கம் சுவரெழுப்பியோ சாலையை விரிப்பது வேறு வகை. இரண்டாவதற்கு வனநிலம் தேவைப்படுவதால், 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். அது புலிகள் காப்பக நிலமாகவும் இருப்பதால், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் ஆலோசனையும் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் சேர்ந்தே வேண்டும். நம் மனு இந்த இரண்டு வகையையும் ஒரே கட்டாகக் கட்டிக் கேட்டிருந்தது. அதனால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலைகளும் ஆண்டுக்கணக்கில் நீளும் வேலைகளோடு சேர்ந்து கிடப்பில் போயின. இந்தப் பிழையின் பெரும்பங்கு மனுவை எழுதிய என்னுடையது.

வன அனுமதியைக் காரணம் காட்டி நம் மனுவுக்குப் பதில் வந்த பிறகு கூடிய செயற்குழுவில் கோபம் மிகுந்திருந்தது. “மனுசன் உயிரைவிட மான் உயிர் பெருசாங்க?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியை அவமதிக்க எனக்கு மனம் வராது. அவர் இந்த மலையில் உறவினரைப் பறிகொடுத்தவர். மேலும், 2022 பிப்ரவரி 10 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி, மாலை 6 முதல் காலை 6 வரை சரக்கு வாகனங்களும், இரவு 9 முதல் காலை 6 வரை மற்ற வாகனங்களும் போகக்கூடாது என்ற தடை அமலுக்கு வந்தபோது, விளைந்த காயைச் சந்தைக்கு அனுப்ப முடியாமல் நாம் பட்ட பாடும், கடைகளை அடைத்துப் போராடியதும், பின்னர் உள்ளூர் மக்களுக்குத் தளர்வு கிடைத்ததும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. காட்டு விலங்கின் பெயரைச் சொன்னாலே நமக்கு ஒரு கதவு மூடப்படுகிறது என்ற எண்ணம் அன்றிலிருந்தே ஊறிப்போயிருக்கிறது.

அந்தக் கூட்டத்தின் முடிவுப்படி, உரிய அனுமதி பெற்று, நாங்கள் ஐந்து பேர் ஒரு காலையில் மலைப்பாதை நெடுகச் சென்று ஒவ்வொரு வளைவிலும் இறங்கிப் பார்த்தோம். பள்ளத்துப் பக்கத் தடுப்புச்சுவரில் லாரிகள் உரசிய நீலம், மஞ்சள், சிவப்பு வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. சில இடங்களில் சுவரின் கருங்கற்களே பெயர்ந்து கீழே கிடக்கின்றன. ஒரு வளைவைக் கடந்து கொஞ்ச தூரம் நடந்தபோது, கீழ்ப்புறச் சரிவிலிருந்து ஒரு கடமான் குட்டியோடு ஏறி வந்தது. தாய் தடுப்புச்சுவரை ஒரே தாவலில் தாண்டிச் சாலைக்கு வந்துவிட்டது. குட்டியால் தாண்ட முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமாகவே அது ஓட, இந்தப் பக்கம் தார் மேலேயே தாயும் கூட ஓட, ஏறத்தாழ நாற்பதடி தள்ளி, மதகின் மேல் சுவர் விட்டிருந்த இடைவெளியில் குட்டி நுழைந்து தாயோடு சேர்ந்தது. அதற்குள் மேலிருந்து ஒரு வேன் இறங்கி வந்தது. ஓட்டுநர் மெதுவாக வந்ததால் ஒன்றும் ஆகவில்லை. மூத்த உறுப்பினரும் எங்களோடு இருந்தார். “அந்தச் சந்து இல்லாட்டி வேனும் போயிருக்கும், மானும் போயிருக்கும்” என்றார் அவர்.

நாம் கேட்டிருந்தது அந்த இடைவெளி இல்லாத தடுப்பைத்தான். மேற்புறம் செங்குத்தான பாறை, கீழ்ப்புறம் தொடர்ச்சியான தடுப்பு என்று அமைந்துவிட்டால், சாலைக்குள் இறங்கிய விலங்கு வெளியேற முடியாமல் வண்டிகளுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அது விலங்குக்கு ஆபத்து. திருப்பத்தில் திடீரென்று அதை எதிர்கொள்ளும் இருசக்கர வாகனக்காரருக்கு அதைவிடப் பெரிய ஆபத்து. ஆகவே வன அனுமதிக்காக எழுப்பப்படும் கேள்விகளில் ஒரு பகுதி, நம் பாதுகாப்புக்காக நாமே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் என்பதைச் செயற்குழு ஏற்றுக்கொண்டது.

இதன் பிறகு மனுவை இரண்டாகப் பிரித்தோம். பெயர்ந்த சுவர்களைச் சீரமைப்பது, வளைவுகளில் குவியாடி பொருத்துவது, ஒளிரும் பட்டைகள், மழைநீர்க் கால்வாயைத் தூர்வாருவது, பண்ணாரியிலும் ஆசனூரிலும் தலா ஒரு மீட்புக் கிரேனை நிரந்தரமாக நிறுத்துவது ஆகியவற்றை முதல் மனுவில் வைத்தோம். இவற்றுக்கு ஓரடி வனநிலமும் தேவையில்லை. குவியாடிகள் சில வளைவுகளில் வந்துவிட்டன. கால்வாய் வேலை தொடங்கியிருக்கிறது. கிரேனுக்கு இன்னும் பதில் இல்லை. வளைவின் வெளிவிளிம்பில் மட்டும் இரும்புத் தடுப்பு, விலங்குகள் கடக்கும் நேர்ப்பகுதிகளில் இடைவெளி, மிகக் குறுகலான வளைவுகளில் மட்டும் அகலப்படுத்தல் என்று இரண்டாவது மனுவைத் திருத்தி எழுதினோம். அது வன அனுமதி கோரும் நிலையில் இருக்கிறது.

அனுமதிக்குக் காத்திருப்பது வீண் என்று நினைக்கும் உறுப்பினர்களுக்குப் பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் நடுவே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44ஐ நினைவூட்ட விரும்புகிறேன். அந்தச் சாலையை விரிவுபடுத்தும் பணியும் வழக்குகளால் பல ஆண்டுகள் நின்றது. முடிவில், மகாராஷ்டிரப் பகுதியில் விலங்குகள் அடியில் கடந்து செல்ல ஒன்பது கட்டுமானங்களோடு சாலை அமைந்தது. அவற்றில் சில 50 மீட்டர் அகலம், மிகப் பெரியது 750 மீட்டர். 2019இல் அங்கே வைத்த கேமராக்களில், புலி உட்பட 18 வகைக் காட்டு விலங்குகள் அவற்றின் அடியில் கடந்துபோனது பதிவாயிற்று. மேலே வண்டிகள் தடையின்றி ஓடின. செங்குத்தான நம் மலையில் அதே கட்டுமானம் பொருந்தாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பண்ணாரி அடிவாரத்திலும், திம்பத்துக்கு மேலே ஆசனூர், காராப்பள்ளம் வரையிலான சமதளத்திலும் யானைகள் கடக்கும் இடங்களில் இதை ஆராயலாம்.

யானையைப் பற்றிச் சொல்லும்போது நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். காராப்பள்ளம் சோதனைச்சாவடியில் உயரத் தடுப்பில் இடிபடாமலிருக்க லாரியின் மேலடுக்குக் கரும்பைச் சாலையோரம் இறக்கிப் போடும் பழக்கம் இன்னும் நிற்கவில்லை. கரும்பின் ருசி கண்ட யானை லாரியை மறிக்கக் கற்றுக்கொண்டது. இப்போது குட்டிக்கும் அந்த வழக்கம் வந்திருக்கிறது. யானை மறித்தால் அரை மணி, ஒரு மணி என்று சாலை நிற்கிறது. இதைத் தடுக்க எந்த அனுமதியும் வேண்டாம். வயலிலேயே அளவோடு பாரம் ஏற்றினால் போதும். கரும்பு பயிரிடும் உறுப்பினர்கள் இதைத் தங்கள் லாரி உரிமையாளர்களிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டுமென்று மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது மனுவோடு இணைப்பதற்காக, விலங்குகள் கடக்கும் இடங்களைக் குறிக்கும் வரைபடம் ஒன்றைச் சங்கம் தயாரித்து வருகிறது. அந்த வழியில் தினமும் பேருந்து ஓட்டுபவர்கள், பால் வண்டிக்காரர்கள், திம்பத்தில் தேநீர்க்கடை வைத்திருப்பவர்கள் ஆகியோருக்குத் தெரிந்த அளவுக்கு வேறெவருக்கும் இது தெரியாது. 14, 15, 16ஆம் வளைவுகளைப் பற்றி மட்டும் குறிப்புகள் போதவில்லை. அப்பகுதியை அறிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் மேசையில் உள்ள வரைபடத்தில் இடத்தையும் நேரத்தையும் பென்சிலால் குறித்துத் தர வேண்டுகிறேன்.

இவ்வறிக்கையையும், சென்ற ஆண்டுத் தீர்மானத்தை மேலே கூறியவாறு திருத்தும் தீர்மானத்தையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்