நாடியை ஒரு நிமிடம் தொட்டுப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளர்கள், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதோடு, அறுபது வயதைக் கடந்தவர்களின் மணிக்கட்டு நாடியையும் ஒரு நிமிடம் முழுவதும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, ஓய்வுபெற்ற செவிலியரான நான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் அக்காவுக்கு மாதந்தோறும் கருவியில் அழுத்தம் பார்த்தார்கள். திரையில் தெரிந்த 84 என்ற எண்ணைச் சீட்டில் எழுதி, நாடி இயல்பு என்றார்கள். பக்கவாதம் வந்து வலக்கை விழுந்த பிறகு எடுத்த இசிஜியில்தான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயத் துடிப்புக் கோளாறு இருப்பது தெரிந்தது.

நலமான இதயத்தில், வலது மேலறையிலுள்ள சைனஸ் கணு நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை எழுப்பும் மின்தூண்டலுக்குக் கட்டுப்பட்டே நான்கு அறைகளும் சுருங்கும். இந்நோயிலோ, மேலறைகளில் நிமிடத்துக்கு 350க்கும் மேற்பட்ட தாறுமாறான தூண்டல்கள் எழுவதால், அவை ஒருசேரச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன. மேலறைகளிலிருந்து கீழறைகளுக்குத் தூண்டலைக் கடத்தும் ஏவி கணு அவற்றில் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிட்டாலும், தப்பி வருபவை ஒழுங்கில்லாமல் வருவதால் கீழறைகளின் துடிப்பும் தாளம் தப்புகிறது. கீழறை நிரம்புவதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, மேலறை கடைசி நொடியில் அழுத்தித் தருவது, அது அற்றுப்போகிறது. வயதாகி இதயம் இறுகிப்போனவர்கள் நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவது இதனால்தான். மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்து 120 துடிப்புகளை எண்ணிய அதே நிமிடத்தில் மணிக்கட்டில் 96 மட்டுமே கிடைத்த நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். சரியாக நிரம்பாமலே சுருங்கிய துடிப்புகள் விரலுக்கு எட்டுவதில்லை.

அதைவிடக் கொடியது, இடது மேலறையின் மடிப்பில் தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போவது. இந்நோயுள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளைத் தக்கவர்களுக்கு மருத்துவர் தொடங்கினால் அந்த ஆபத்து பெரிதும் குறையும். பலர் நம்புவதுபோல் ஆஸ்பிரின் அதற்கு ஈடாகாது.

பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கத்தில் வேகம் கிடைக்கும், ஒழுங்கு தெரியாது. இந்நோய் சிலருக்கு வந்து வந்து போவதால், ஒருமுறை சரியாக இருந்தது என்று விட்டுவிடவும் கூடாது. மூன்று விரல்களும் நொடிமுள் உள்ள ஒரு கடிகாரமும் போதும். நாடி தாறுமாறாக இருப்பவர்களை அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி இசிஜி எடுக்கச் செய்யுமாறு மக்கள் நல்வாழ்வுத் துறையைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், திருவாரூர்