வராத வாடகைக்கு ஏன் வரி?

நிதி அமைச்சகங்களில் வரி விதிகளை எழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம். மாடியை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் காலம் தள்ளுகிறவர்களில் நானும் ஒருவன். வீட்டுக்காரர் என்றாலே வசதியானவர் என்று நினைத்துவிடுகிறீர்கள். அந்த நினைப்பில் வரி விதிகளை எழுதுவதால்தான் இந்தக் கடிதம்.

2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது மாடியில் குடியிருந்தவருக்கு வேலை போயிற்று. நான்கு மாத வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தரும சிந்தனை என்று பெரிதாக ஒன்றுமில்லை, அப்போது காலி செய்யச் சொல்லியிருந்தால் புதிதாக யார் குடிவந்திருப்பார்கள்? ஆனால் சொத்து வரி நிற்கவில்லை, வீட்டுக் கடன் வட்டியும் ஏறிக்கொண்டே இருந்தது.

விதிகள் எப்படி முட்டிக்கொண்டன என்பதற்கு இந்தியாவைப் பாருங்கள். தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது, அவர்களையும் மாணவர்களையும் காலி செய்யச் சொன்னால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று 2020 மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. அதே நேரத்தில் நடப்பிலிருந்த வருமான வரி விதிகளோ, வசூலாகாத வாடகையை வரிக்குரிய வருமானக் கணக்கிலிருந்து நீக்க வேண்டுமானால் பாக்கி வைத்தவர் காலி செய்திருக்க வேண்டும், அல்லது அவரைக் காலி செய்ய வைக்க நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும் என்றன. வழக்கும் போட வேண்டும். இல்லையென்றால் வழக்கால் பயனில்லை என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். பொய்க் கணக்கைத் தடுக்க இது நல்ல விதிதான். பெருந்தொற்றுக் காலத்தில் மட்டும், ஒரு அமைச்சகம் செய்யாதே என்றதைச் செய்தவருக்கே இன்னொன்று சலுகை தந்தது.

வேறு வழிகளும் இருந்தன. சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு வாடகையை 30 சதவீதமாவது குறைத்தவர்களுக்கு மலேசியா அந்தத் தொகை அளவுக்குச் சிறப்புக் கழிவு தந்தது, அதாவது வரிக்குரிய வருமானத்திலிருந்து அதைக் கழித்துக்கொள்ள விட்டது. சிங்கப்பூர் வணிக இடங்களுக்குச் சொத்து வரியில் தள்ளுபடி கொடுத்து, அதை வாடகைதாரருக்குக் கைமாற்ற வேண்டும் என்று சட்டமே போட்டது. பிரான்சில், 2020 நவம்பர் வாடகையைத் தகுதியுள்ள நிறுவனங்களுக்குத் தள்ளுபடி செய்தவர்களுக்கு அதில் பாதி வரை வரி வரவாக, அதாவது கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் குறையும் தொகையாகக் கிடைத்தது. எனக்குப் பிடித்தது பிரான்ஸ் வழி. கழிவு என்றால் அதிக வரி கட்டுகிறவருக்குத்தான் லாபம் அதிகம். வாடகையை மட்டும் நம்பியிருக்கும் முதியவருக்குக் கழிக்க என்ன இருக்கிறது?

ஆனால் இந்த மூன்றும் கடை, அலுவலகம் போன்ற இடங்களைப் பற்றியவை. குடியிருப்பு வீடுகளை விட்டுவிட்டார்கள்.

அடுத்த தொற்று வருவதற்கு முன் இதற்கென ஒரு பிரிவை எழுதி வைத்துவிடுங்கள். வாடகையை விட்டுக்கொடுத்ததாக இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு தாள், அதற்கு ஒத்துப்போகும் வங்கிக் கணக்கு விவரம், இந்த இரண்டும் இருந்தால் அந்த வாடகை வருமானமே அல்ல என்று ஏற்றுக்கொள்ளுங்கள். கடை வாடகைக்கும் வீட்டு வாடகைக்கும் ஒரே விதி போதும். பொய்த்தாள் தருகிறவருக்கு அபராதத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் ஒருவன்