ஆண்டறிக்கை 2024–25: தர மேம்பாட்டில் செவிலியர் பங்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த அக்காமார்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடலூர் வட்டாரச் செவிலியர்களாகிய நாம் இந்த ஆண்டும் மாதந்தோறும் மஞ்சக்குப்பத்தில் கூடினோம். டிசம்பர் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்தடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளமும் சேர்ந்துகொண்டது. மாற்று ஆள் வந்து சேர முடியாதபோது அடுத்த டூட்டியையும் சேர்த்துப் பார்த்த உறுப்பினர்களுக்கு இப்பொதுக்குழு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. சந்தா, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார்.

ஆண்டு முழுவதும் நாம் பேசியது மருத்துவமனைத் தர மேம்பாட்டைப் பற்றித்தான். அரசு மருத்துவமனைகளுக்கான தேசியத் தர உறுதித் தரநிலைகள் 2013-இல் வந்தன. 2015-இல் மருத்துவமனைத் தூய்மைக்கான காயகல்ப் விருதுத் திட்டம், 2017-இல் பிரசவ அறைத் தரத்துக்கான லக்ஷ்யா திட்டம். இவற்றின் சரிபார்ப்புப் பட்டியலைப் புரட்டினால் மருந்து கொடுப்பது, கை சுத்தம், கழிவு பிரிப்பது, டூட்டி ஒப்படைப்பு என்று பெரும்பகுதி நம் கையால் நடக்கும் வேலை. ஆனாலும் பல இடங்களில் ஆய்வுக் குழு வருவதற்கு முன் ரெஜிஸ்டரை நிரப்பத்தான் செவிலியரைக் கூப்பிடுகிறார்கள். எதை மாற்றலாம் என்று பேசும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. இது சரியில்லை என்பதை அழுத்தமாகப் பதிவு செய்கிறேன்.

கூப்பிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் உறுப்பினர்கள் ஒரு மெடிக்கல் வார்டில் செய்த வேலையே சான்று. வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் பொருத்தி வைக்கும் குழாய் ஊசி) போட்ட இடம் சிவந்து வீங்குவது அங்கே அடிக்கடி நடந்தது. கவனக்குறைவு என்று யாரையும் திட்டாமல், ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். ஊசி எப்போது போட்டது என்று வார்டில் யாருக்கும் தெரியவில்லை. பிளாஸ்டரில் தேதி இல்லை. ஏன் இல்லை? பெரும்பாலானவை அவசரப் பிரிவில் போடப்பட்டவை, அங்கே ஊசித் தட்டில் பேனா கிடையாது. தட்டில் ஒரு மார்க்கர் பேனாவைக் கட்டி வைத்தார்கள். ஒவ்வொரு டூட்டி மாற்றத்திலும் இரண்டு செவிலியரும் படுக்கையருகே நின்று ஊசி போட்ட கையைச் சேர்ந்து பார்த்து, வலி, சிவப்பு, வீக்கம் மூன்றையும் குறித்தார்கள். முதல் வாரம் காலை டூட்டியில் சரியாக நடந்தது, நைட் டூட்டியில் நின்றுபோனது. தனியாளாக வார்டு பார்ப்பவருக்கு இன்னொரு தாள் பாரம்தானே! அதனால் தனித் தாளை எடுத்துவிட்டு, கேஸ் ஷீட்டிலேயே ஒரு கட்டம் சேர்த்தார்கள். அதன் பிறகு அது நிலைத்தது. சிவப்பு தெரிந்த உடனே ஊசியை எடுத்துவிடும் பழக்கமும் வந்தது. திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்று பயிற்சி வகுப்பில் சொல்லும் சுழற்சியை அந்த வார்டுச் சகோதரிகள் பெயர் சொல்லாமலே ஒரு முழுச் சுற்று முடித்துவிட்டார்கள்.

மே 5 கை சுத்த நாளில் சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, கைத்தேய்ப்புத் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி என்று செய்துகாட்டினோம். செப்டம்பர் 17 நோயாளி பாதுகாப்பு நாளில் மருந்துப் பிழைகளைப் பயமின்றிச் சொல்வது பற்றிக் கலந்துரையாடினோம். சொன்னவருக்கு மெமோ வரும் இடத்தில் அடுத்த பிழை மறைக்கப்படும் என்று மூத்த உறுப்பினர்கள் பலரும் சொன்னார்கள்.

மே 12 செவிலியர் நாள் விழாவில் விளக்கேற்றும் வழக்கம் தொடர்கிறது. அந்த விளக்கோடு நம் தொழிலின் முன்னோடி நைட்டிங்கேல் அம்மையாரின் கணக்கையும் நாம் நினைக்க வேண்டும். கிரிமியப் போரில் காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால்தான் அதிக வீரர்கள் இறந்தார்கள் என்பதை 1858-இல் வரைபடமாகப் போட்டு அரசுக்குக் காட்டியவர் அவர். வார்டில் எண்ணி எழுதும் வேலை அன்றே நம் தொழிலில் சேர்ந்துவிட்டது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். ஒவ்வொரு மருத்துவமனையின் தரக் குழுவிலும் வார்டில் நேரடியாக வேலை பார்க்கும் செவிலியர் ஒருவராவது இருக்க வேண்டும்; ஒப்பந்தச் செவிலியருக்கும் அதில் இடம் வேண்டும். தர வேலைக்கான நேரம் டூட்டி பட்டியலுக்குள்ளேயே ஒதுக்கப்பட வேண்டும், வீட்டுக்குப் போகும் நேரத்தில் அல்ல. பிழையைத் தானே முன்வந்து சொல்பவர் மீது நடவடிக்கை கூடாது. ஒப்புதல் கிடைத்ததும் நிர்வாகங்களுக்கு மனுவாக அனுப்புவோம். வரும் ஆண்டில் படுக்கைப்புண் தடுப்பை எடுத்துக்கொள்ளலாம் என்பது செயற்குழுவின் கருத்து; விருப்பமுள்ள வார்டுகள் இன்றே பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்