பல்ப் சாகச ஆட்டத்துக்கு விமானம் வாங்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். 1920, 1930களில் மலிவுத்தாளில் அச்சான சாகசக் கதைகளின் பாணியில், காட்டுக்கோயில், புதையல் வரைபடம், ஒற்றர் கூட்டம் என்று சிறு பொம்மைகளை வைத்து மேசைமேல் ஆடும் பல்ப் (pulp) மினியேச்சர் ஆட்டங்களுக்காக எங்கள் கடைக்கு வந்து விமானம் கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். வாங்கியவர்களில் சிலர் அளவு பொருந்தவில்லை என்று திருப்பிக் கொண்டுவருவதால் இந்த மடலை எழுதுகிறோம்.

உங்களில் பெரும்பாலோர் வைத்திருப்பவை 28 மி.மீ. பொம்மைகள். பொதுவாக இந்த 28 என்பது பாதத்திலிருந்து கண் வரையிலான உயரம் என்பதால், தொப்பியும் அடித்தட்டும் சேர்ந்தால் பொம்மை ஏறக்குறைய 35 மி.மீ. நிற்கும். கடைகளில் எளிதில் கிடைக்கும், நாமே ஒட்டிச் சேர்க்கும் விமானக் கிட்டுகளோ பெரும்பாலும் 1:72, 1:48 என்ற அளவுகளில், அதாவது உண்மை விமானத்தில் 72இல் அல்லது 48இல் ஒரு பங்காக வருபவை. ஒருமுறை நாங்களே ஒரு வாடிக்கையாளருக்கு டைகர் மாத் என்னும் சிறிய இரட்டை இறக்கை விமானத்தின் 1:72 கிட் ஒன்றைப் பரிந்துரைத்து விற்றுவிட்டோம். அந்த அளவில் அதன் மொத்த உயரமே 37 மி.மீ. தான். அவர் அதை ஒட்டி முடித்து, தம்முடைய ஆய்வுப்பயணி பொம்மையைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டியபோது, தொப்பி மேலிறக்கையின் உயரத்துக்கு வந்து நின்றது. விமானி உட்கார வேண்டிய குழியில் பொம்மையின் கால்கூட நுழையாது. தவறு எங்களுடையது என்பதால் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

அன்றிலிருந்து, தரையிறங்கி ஆட்கள் ஏறி இறங்கும் விமானம் என்றால் 1:48 அளவையே சொல்கிறோம். கணக்குப்படி 1:56 இன்னும் நெருக்கமானது, ஆனால் அந்த அளவில் விமானங்கள் அரிது. 1:48இல் ஐந்தே முக்கால் அடி மனிதர் சுமார் 36.5 மி.மீ. வருவார், அடித்தட்டோடு நிற்கும் பொம்மையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அடுத்து, மேசையின் அகலம். யுங்கர்ஸ் யூ 52 போன்ற மூன்று எஞ்சின் விமானம் பார்க்கக் கம்பீரமானது, ஆனால் 1:48இல் அதன் இறக்கை 61 செ.மீ. நீளும், நான்கடி மேசையில் பாதியை அதுவே பிடித்துக்கொள்ளும். அதை ஒளிபுகும் தாங்கியில் ஏற்றி வானத்தில் மட்டும் காட்டப்போகிறீர்கள் என்றால் 1:72 போதும், தொலைவில் பறப்பதாகவே கண்ணுக்குத் தெரியும்.

எங்கள் மனத்துக்கு உகந்தவை சிறியவை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவந்த பஸ் மாத் (Puss Moth) என்னும் சிறு விமானம், 1:48இல் 23 செ.மீ. இறக்கையோடு மேசையில் அடக்கமாக நிற்கும். அந்த அஞ்சல் தடம் பெல்லாரி வழியாகச் சென்னை வரை நீண்டது என்பதால், நம் ஊர்ப் பின்னணியில் கதை அமைப்பவர்களுக்கும் பொருந்தும். ஆறும் தீவும் வரும் கதைகளுக்கு, நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல 1937ஆம் ஆண்டின் கிரம்மன் கூஸ் மிகச் சிறந்தது.

பெட்டியில் வரும் இராணுவச் சின்னங்களை ஒட்ட வேண்டாம். சின்னமில்லாத விமானம் எந்தக் கதைக்கும் ஆகும். பயணப் படங்கள் எடுத்த அமெரிக்கர்களான மார்ட்டின், ஓசா ஜான்சன் தம்பதியர் 1930களில் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசென்ற சிகோர்ஸ்கி எஸ்-38 விமானத்தில் வரிக்குதிரைக் கோடுகளே தீட்டப்பட்டிருந்தன. ஆகவே வண்ணத்தில் துணிந்து இறங்கலாம். ஆட்டத்தில் பல கைகள் படும் என்பதால், சக்கரக் கால்களுக்குள் பித்தளைக் கம்பி செருகி ஒட்டுங்கள். இரட்டை இறக்கைகளுக்கு இடையிலான கம்பிகளுக்கு எலாஸ்டிக் நூலைப் பயன்படுத்துங்கள்.

வாங்க வரும்போது உங்கள் பொம்மைகளில் ஒன்றை மறக்காமல் எடுத்து வாருங்கள். ஒட்டி முடித்த மாதிரிகளைக் கடையில் வைத்திருக்கிறோம். உங்கள் பொம்மையை மாதிரி விமானத்தின் கதவருகே நிறுத்திப் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்