சேதுவுக்கு, உன் லூகர் பற்றி

அன்புள்ள சேது,

இங்கே எல்லோரும் நலம். அமெரிக்காவிலிருந்து இத்தனை மாதம் ஒரு வரி எழுதாதவன், லூகர் என்ற பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கி ஒன்று கைக்கு வந்ததும் ராத்திரியோடு ராத்திரியாகப் படமாக அனுப்பித் தள்ளுகிறாய்! ஹாஸ்டலில் லட்சுமி வெடிக்கே காதைப் பொத்திக்கொண்டு ஓடியவன் நீ. மொட்டையிடம் சொன்னேன், நம்பமாட்டேன் என்கிறான்.

சரி, பாலிஷ் போட்டு இரும்புக்குப் புதிதாக நீலப் பூச்சு ஏற்றப்போவதாக எழுதியிருக்கிறாயே, தயவுசெய்து வேண்டாம். சேம்பருக்கு, அதாவது தோட்டா உட்காரும் அறைக்கு, மேலே பார். 1917 இருக்கிறது, கூடவே 1920 என்று இன்னோர் ஆண்டும் இருக்கிறது. முதலாவது, பெர்லினில் டி.டபிள்யூ.எம். ஆலை அதைச் செய்த வருடம். இரண்டாவது, போரில் தோற்ற ஜெர்மனி தன்னிடம் மிஞ்சிய ஆயுதங்களுக்கு அரசுச் சொத்து என்று அடித்த முத்திரை. வெர்சாய் உடன்படிக்கை அதன் ராணுவத்தை ஒரு லட்சம் பேராகச் சுருக்கிய காலம் அது. அப்படியென்றால் விற்றவர் சொன்ன, தன் தாத்தா 1918இல் பிரான்ஸில் கைப்பற்றினார் என்ற கதை நிற்காது. 1920இல் உன் துப்பாக்கி ஜெர்மனியில் இருந்திருக்கிறது! அந்தத் தாத்தாவின் மகன்களில் யாராவது 1945இல் ஐரோப்பாவில் இருந்தார்களா என்று அந்தக் குடும்பத்திடமே கேள். இரண்டாம் போரில் இப்படிக் கொண்டுவந்தவர்களுக்கு அதிகாரி கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு கொடுப்பார்கள். அந்தத் தாள் ஏதாவது பெட்டியில் கிடந்தால் விடாதே.

பாலிஷ் சக்கரத்தில் முதலில் மழுங்குவது இந்த முத்திரைகள்தான். ட்ரிகரும் சேஃப்டி லீவரும் வைக்கோல் நிறமாக இருக்கின்றனவே, அது துரு அல்ல, ஆலையிலேயே சூடேற்றி வரவழைத்த நிறம். மெல்லிய எண்ணெயும் பருத்தித் துணியும் போதும். தோல் உறைக்குள் மட்டும் வைத்துவிடாதே, ஈரம் கோத்து இரும்பை அரித்துவிடும்.

சுட்டுப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள். சின்னச் சின்னப் பாகத்தில்கூட வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் பொறித்திருப்பார்கள். ஒன்று உடைந்தால் அதே எண்ணில் வேறு கிடைக்காது. அப்புறம் சேகரிப்பவர்கள் கொடுக்கும் விலை பாதாளத்துக்குப் போய்விடும்.

அடுத்ததைக் கவனமாகப் படி. பிடிக்குள் இருக்கும் தோட்டாக்கூடான மேகசினை உருவிவிட்டால் காலி என்று நினைக்காதே. மேகசின் இல்லாமலும் லூகர் சுடும். ட்ரிகர் இருக்கும் அடிப்பாகத்திலிருந்து குழலும் மேல்பாகமும் தனியே வந்த பிறகும், சேம்பரில் தோட்டா இருந்தால், சுடும் ஊசியைப் பிடித்து வைத்திருக்கும் இடப்பக்கத்து சியர் தகட்டில் விரல் அழுந்தினாலே வெடித்துவிடும். கழற்றும்போது விரல் சரியாக அங்கேதான் போகும். அதனால் மேகசினை எடுத்து, மேலே முழங்கால்போல மடங்கும் டாகிளை இழுத்துப் பிடித்து, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே கழற்று. வீட்டில் பாப்பா இருக்கிறாள், இரும்புப் பெட்டியும் பூட்டும் இந்த வாரமே வாங்கு. இன்னொன்று, அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் பழம்பொருள் என்ற விலக்கு 1898 வரை செய்த துப்பாக்கிகளுக்குத்தான். உன்னுடையதற்கு மற்றத் துப்பாக்கிகளின் விதிகளே.

பிடியின் முன்பக்கத்தைக் கிட்டே வைத்துப் படம் எடுத்து அனுப்பு. அங்கே படைப்பிரிவின் குறி இருக்கலாம், அதைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

உன்
பாலு