வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு

எங்கள் நிலக்கடலைக்கும் சோளத்துக்கும் இயற்கை விவசாயச் சான்று கிடைத்துவிட்டது. நடுவில் பட்ட பாடு உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதைத் திரும்பச் சொல்லவில்லை. மனசு இன்னும் நிலைக்கு வரவில்லை. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதல் நன்றி பக்கத்து வயல்கார அண்ணனுக்கு. அவர் மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடிப்பவர். இயற்கை முறை கட்டுப்படியாகாது என்பது அவர் எண்ணம், இன்றும் அப்படித்தான். ஆனாலும் மருந்து அடிக்கும் நாளில் முதலில் வரப்புக்கு வந்து காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். "காத்து உங்க பக்கம் திரும்புது, நாளைக்குப் பாத்துக்கறேன்" என்று டேங்கை மூடிவிட்டுப் போவார். காற்றே அசையாத விடியற்காலையிலும் அடிக்க மாட்டார். அந்த நேரத்தில் நுண்துளி கீழே படியாமல் மிதந்து நகர்ந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். எங்கள் எல்லையை ஒட்டிய சால்களில் மருந்தே படாமல் விட்டு, அங்கே கைக்களை எடுத்தார். நாங்கள் கேட்கவே இல்லை. அவரிடம் கேட்பது நியாயமா என்று தயங்கிக்கொண்டுதான் இருந்தோம்.

ஐரோப்பிய ஒன்றிய விதியில் ஆண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டு, அமெரிக்க விதியில் அறுவடைக்கு முன் 36 மாதம் என்று, சான்றுக்கு முன் இயற்கை முறையிலேயே பயிர் செய்தாக வேண்டிய மாற்றக் காலம் நாட்டுக்கு நாடு மாறும். எங்கே என்றாலும் அதுவரை பாடு இயற்கை முறைக்கு, விற்பது சாதாரண விலைக்கு. அதையும் தாங்கி வந்த பிறகு, ஒருநாள் மருந்துச் சாரல் பட்டாலே அந்த ஓரத்து விளைச்சலை இயற்கை விளைபொருள் என்று விற்க முடியாமல் போகலாம். நம் நிலத்துக்குள் நாம் எவ்வளவு கவனமாக இருந்தாலும், பாதிச் சான்று பக்கத்து வயல்காரர் கையில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூவிலிருந்து இறங்கிக் காயாகும் விழுது மண்ணில் இறங்கிய பிறகு கடலைக்குள் கொத்து போட முடியாது. அப்படித் தப்பிய களையின் விதை அவர் வயலிலும் விழுந்திருக்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை.

அப்புறம், விழுது இறங்குவதற்குள் களையெடுத்து மண் அணைத்துக் கொடுத்தவர்கள், ஆலைக் கழிவு ஜிப்சம் இயற்கை விவசாய விதிக்கு ஆகாது, வெட்டியெடுத்த ஜிப்சம்தான் போட வேண்டும் என்று தடுத்துச் சொன்னவர், நோயைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையால் விதைநேர்த்தியைக் கூடவே நின்று செய்து காட்டியவர், பழைய தூசி தும்பு இல்லாமல் கதிரடிக்கும் இயந்திரத்தைக் கழுவித் துடைத்துத் தந்தவர், பூஞ்சை நஞ்சு ஏறிவிடக் கூடாது என்று காயைக் கிளறிக் கிளறி உலர்த்தியவர்கள், மாற்றக் காலத்து விளைச்சலையும் தேடி வந்து வாங்கியவர்கள், எல்லோருக்கும் எங்கள் நன்றி.

அண்ணே, வரும் பருவத்திலிருந்து எல்லையோரக் காப்பு இடைவெளியை எங்கள் பக்கத்திலேயே அகலமாக விடுகிறோம். உங்கள் ஓரச் சால்களுக்கு எங்கள் ஆட்களோடு வந்து நாங்களே களை எடுத்துத் தருகிறோம். வரப்புக் களையைப் பூக்கும் முன் வெட்டுவதும் எங்கள் பொறுப்பு. வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.