பால்டிமோரிலிருந்து: பேத்தையும் காக்கைக்கொல்லியும்

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே டிசம்பரில் மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வேலை நாளைத் தீர்மானிப்பது செல்கள்தான். மருந்திட்ட 48 மணி நேரம் ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் அன்றும் ஆய்வகம்தான்.

கிண்ணத்தில் வளர்க்கும் நரம்பு செல்களை என்ன செய்கிறோம் என்று கேட்டிருந்தாய். 18 நாள் எலிக்கருவின் ஹிப்போகாம்பஸிலிருந்து (மூளையில் நினைவுக்கான பகுதி) செல்களைப் பிரித்து, அவை ஒட்டிக்கொள்ள பாலிலைசின் பூசிய கிண்ணத்தில், பி27 என்ற ஊட்டக்கலவை சேர்த்த நியூரோபேசல் என்ற வளர்ப்புத் திரவத்தில் (ஊடகத்தில்) இரண்டு வாரம் வளர்க்கிறோம். ஊடகத்தைப் பாதிதான் மாற்ற வேண்டும். செல்கள் சுரந்தவை பழையதில்தான் இருக்கின்றன. அந்த இரண்டு வாரத்துக்குள் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து தாமாகவே மின்துடிப்புகளை எழுப்பத் தொடங்கிவிடும்.

அந்தத் துடிப்பை 1 மைக்ரோமோலார் டெட்ரோடோடாக்சின் நிறுத்திவிடும். நம் கரையில் வலையிலிருந்து ஒதுக்கிப் போடும் பேத்தை மீனின் நஞ்சுதான் அது. இரண்டு நாள் துடிப்பின்றிக் கிடந்த செல்கள், செல்லுக்குச் செல் செய்தி கடத்தும் குளூட்டமேட்டைப் பிடிக்கும் புரதங்களான ஆம்பா ஏற்பிகளை இணைப்புகளில் கூட்டிக்கொள்கின்றன. 1998-இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜீனா டுரிஜியானோ குழு, மூளைப் புறணிச் செல்களில் இணைப்பு மின்னோட்டம் பெரிதாவதைக் காட்டியது. அதே ஆண்டு இந்த ஊர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹியூகனிர் குழு, தண்டுவடச் செல்களில் ஏற்பிகளே சேர்வதைக் காட்டியது.

துடிப்பை அடக்கும் காபா ஏற்பியை அடைத்துத் துடிப்பைக் கூட்டினால் எதிர்த்திசையில் நடக்கும், ஆம்பா ஏற்பிகள் குறையும். அடைக்கப் பலர் பைகுகுல்லின் என்ற மருந்தைப் போடுகிறார்கள். அது 37 டிகிரியில் சீக்கிரமே சிதைந்துவிடும், இரண்டு நாள் வேலைக்கு ஆகாது. பிக்ரோடாக்சின்தான் நல்லது. அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? மீனை மயக்கக் குளத்தில் போடும் காக்கைக்கொல்லி விதையிலிருந்து!

ஏற்பிகள் எவ்வளவு கூடின என்று அளக்கும்போதுதான் கோட்டை விடுவார்கள். செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் மட்டும், பிறகு பிரித்தெடுக்க அடையாளமாக, பயோட்டின் ஒட்ட வேண்டும். முதலில் கிண்ணத்தை ஐஸில் வைக்க வேண்டும்; சூடு இருந்தால் ஏற்பிகள் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கழுவும் உப்புக்கரைசலில் கால்சியமும் மக்னீசியமும் இல்லாவிட்டால் செல்கள் பெயர்ந்துவிடும். ஆய்வகங்களில் வழக்கமான டிரிஸ் கரைசல் கூடவே கூடாது. அதிலுள்ள அமீன் என்ற வேதித்தொகுதியே பயோட்டினைப் பிடித்துக்கொள்ளும். பயோட்டினோடு சேர்ந்துள்ள ஒட்டும் முனை தண்ணீரில் கெட்டுப்போகும், அதனால் ஊற்றும் நேரத்தில்தான் கரைப்போம்: மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம், ஐஸிலேயே அரை மணி நேரம், பிறகு மிஞ்சிய பயோட்டினைப் பிடித்துக்கொள்ளும் கிளைசின் விட்டு நிறுத்துவோம். பின்னர் செல்களைக் கரைத்து, பயோட்டினைப் பிடிக்கும் அவிடின் மணிகளில் சிக்கிய பங்கைப் பார்ப்போம்; அதில் செல்லுக்குள்ளேயே இருக்கும் புரதமான ஆக்டினின் பட்டை தெரிந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கிண்ணத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. ஏற்பி கூடுவது பல மடங்கல்ல, சின்னக் கசிவும் அதை மறைத்துவிடும். ஒப்பிடும் கிண்ணங்களும் ஒரே நாளில் பிரித்த செல்களாக இருக்க வேண்டும்.

குளிர்க் கோட்டு வாங்கியாயிற்று என்று அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
அண்ணன்